ஆடிப் பட்டமும் தில்லி வானமும்

தெற்கேயிருந்து வடக்கே குடியேறுவோர் பாத்திர பண்டங்களுடன் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்றையும் கொண்டு வருகிறார்கள். மனத்தில் பதிந்து கிடக்கும் பஞ்சாங்கமே அது. ஆடியில் காற்றடிக்கும், ஐப்பசியில் மழை கொட்டும், தையில் கதிர் முற்றும், பங்குனியில் வெயில் ஏறும் என்று பிறந்த ஊர் கற்றுக்கொடுத்த கணக்கு அது. அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் இந்தக் கணக்குப் பிசகினால் ஒருவருக்கும் நட்டமில்லை. வீட்டின் பின்புறம் நான்கு முழ மண்ணைக் கொத்தி விதை போடும்பொழுதுதான் அதன் விளைவு தெரிகிறது. நல்ல விதை, நல்ல எரு, நாள் தவறாத தண்ணீர் அனைத்தும் இருந்தும் பாத்தி வெறுமையாய்க் கிடக்கும்.

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்பது நம் உழவர்களின் பழமொழி. தமிழ்நாட்டில் ஆடிக்குப் பின்னர் மழை படிப்படியாக வளர்ந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக நிறைகிறது. ஆடியில் முளைத்த செடி அந்த மழையை நம்பி வேரோடலாம். தில்லியில் நிலைமை நேர்மாறானது. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் ஜூன் மாதக் கடைசியில் இங்கு வந்து, செப்டம்பரில் விடைபெற்றுவிடுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களிலேயே பெய்து தீர்கிறது. சென்னைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லி மீட்டர் மழை என்றால், தில்லிக்கு அதில் பாதியைச் சற்றே கடந்த அளவுதான். நம்மூரில் அடைமழை பெய்யும் ஐப்பசியில் தில்லியின் வானம் வறண்டு கிடக்கிறது.

மழை மட்டுமன்று, வெளிச்சமும் வேறு. சென்னை 13 பாகை அட்சரேகையில் உள்ளது. தில்லி 28 பாகைக்கும் அப்பால் உள்ளது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. தில்லியிலோ டிசம்பரில் பகல் பத்து மணியைச் சற்றே தாண்டுகிறது. ஜூனில் பதினான்கு மணியை எட்டுகிறது. செடிகள் இந்தக் கணக்கை நம்மைவிட நுட்பமாக அறியும். பகல் குறுகினால் செவ்வந்தி அரும்பு கட்டுகிறது. பகல் நீண்டு வெயிலும் ஏறினால் கொத்தமல்லி தழைப்பதை நிறுத்திப் பூவெடுத்துவிடுகிறது. ஆகவே தில்லியில் தோட்டம் போடுபவர் முதலில் கற்க வேண்டியது இந்த ஊரின் காலக் கணக்கே. கான்பூர், லக்னோ, சண்டிகர் ஆகிய நகரங்களில் வாழும் அன்பர்களுக்கும் இங்குக் கூறுவன பெரிதும் பொருந்தும்.

மூன்று வாயில்கள்

தில்லியில் விதைப்பதற்கு ஆண்டில் மூன்று வாயில்கள் திறக்கின்றன. முதலாவது, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச்சு வரை. வெண்டை, பீர்க்கு, பாகல், சுரை, புடல், முளைக்கீரை ஆகியவற்றுக்கு இது காலம். இரண்டாவது, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை. வெண்டையும் கொடிவகைகளும் மறுமுறை இடம் பெறுவதோடு, அவரையும் கத்தரியும் இப்பொழுது தொடங்குகின்றன. மூன்றாவதும் மிகச் சிறந்ததுமான வாயில் அக்டோபரும் நவம்பரும். முள்ளங்கி, காரட், பட்டாணி, கொத்தமல்லி, பாலக், மேத்தி என்னும் வெந்தயக்கீரை, தக்காளி ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

இந்த வாயில்கள் அகலமானவை அல்ல. நம்மூர்த் தைப் பட்டத்தை எண்ணிக்கொண்டு ஜனவரியில் வெண்டை விதைத்தால், மண்ணின் சூடு ஏறத்தாழ 17 டிகிரி செல்சியசை எட்டும்வரை விதை உறங்கிக் கிடக்கும். பலவேளை உறக்கத்திலேயே அழுகிவிடும். முளைக்கீரையின் கதையும் இதுவே. ஆடி பிறக்கட்டும் என்று காத்திருந்து ஜூலைக் கடைசியில் விதைத்தாலோ, பிஞ்சு நாற்று கொட்டும் மழையில் சிக்கிக்கொள்ளும்.

காலத்தின் அருமையைக் காலிபிளவரைப் போல் எடுத்துக்காட்டும் செடி வேறில்லை. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1905-ஆம் ஆண்டில் பீகாரின் பூசா என்னும் சிற்றூரில் தொடங்கப்பெற்றது. 1934-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தபின் 1936-இல் தில்லிக்கு மாற்றப்பெற்றது. ஊர் மாறியும் பெயர் மாறாமல், ‘பூசா’ என்றே தில்லி மக்கள் அதனை அழைக்கிறார்கள். அங்கு உருவான காலிபிளவர் வகைகளில் ‘பூசா காத்கி’ என்பது மே, ஜூனில் விதைத்து அக்டோபர் வாக்கில் எடுப்பது. அதன் பெயரே வடநாட்டுக் கார்த்திக மாதத்தைக் குறிப்பது. ‘பூசா ஸ்னோபால்’ செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் விதைத்து, கடுங்குளிரில் பூக்கட்டுவது. முன்னதைக் காலம் தாழ்த்தி விதைத்தால் சட்டைப் பொத்தான் அளவில் பூவைத்து நின்றுவிடும். பின்னதை ஜூனில் விதைத்தால் இலை இலையாக வளருமேயன்றிப் பூவே வராது. குற்றம் விதையில் இல்லை, நாளில்தான். விதைக் கடையில் ‘காலிபிளவர் விதை’ என்று மட்டும் கேட்காமல், எந்த மாதத்துக்குரியது என்றும் கேட்பது நலம்.

பனியும் தாழ்ந்த சூரியனும்

“தைப் பனி தரையைத் துளைக்கும்; மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்பார்கள் நம் பக்கத்தில். தில்லிப் பனி தையும் மாசியும் வரட்டும் என்று காத்திருப்பதில்லை; மார்கழியிலேயே தன் கைவரிசையைக் காட்டிவிடும். 2006-ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 0.2 டிகிரியும், 2021-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று 1.1 டிகிரியும் பதிவாயின.

அந்த நிலையத்தின் வெப்பமானி தரைக்கு ஏறத்தாழ நான்கடி உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவில் தரையும் இலைகளும் தம் சூட்டை வானத்தை நோக்கி இழந்து, மேலுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்து விடுகின்றன. ஆகவே வானிலை அறிவிப்பில் 3 அல்லது 4 டிகிரி என்று கேட்டாலும், தோட்டத்துத் தக்காளி இலைமீது உறைபனி படிந்திருக்கக் கூடும். மூடுபனி சூழ்ந்த இரவு நம்மை நடுக்கினாலும் செடிக்கு அவ்வளவு கொடியதன்று. விண்மீன்கள் பளிச்சென்று மின்னும் இரவே அதற்கு அஞ்சத்தக்கது.

இதற்கு மாற்று எளியது. அத்தகைய இரவு வருமென்று தெரிந்தால் மாலையிலேயே பாத்திக்கு நீர் பாய்ச்சுக. ஈரமண் பகலின் சூட்டை மிகுதியாகத் தேக்கி, இரவில் மெல்ல வெளியிடும். இளஞ்செடிகளின் மேல் நான்கு குச்சி நட்டுச் சாக்கு போர்த்துக. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுக. வடநாட்டு வீடுகளில் குளிர்காலத்தில் துளசிக்குத் துணி போர்த்தியிருப்பதைக் காணலாம். பக்தியும் பயிர்ப் பாதுகாப்பும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

தாழ்ந்து செல்லும் சூரியன் இன்னொரு தொல்லை. டிசம்பரில் நடுப்பகலிலும் சூரியன் தென்வானில் சாய்ந்தே நிற்பதால், கட்டடத்துக்கு வடக்கேயுள்ள மண்ணில் பல வாரங்கள் வெயிலே படாது. குளிர்காலக் காய்கறிகளுக்குத் தென்புறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெற்கு நோக்கிய சுவரின் அடியில் வைத்த தொட்டிக்கு இரவில் அச்சுவரே கணப்பாகிறது.

ஆலங்கட்டியும் அனல்காற்றும்

பிப்ரவரியும் மார்ச்சும் தில்லியின் அழகிய வாரங்கள். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவது இந்நாட்களில்தான். முகல் தோட்டம் என்று நெடுங்காலம் வழங்கிய அது, 2023 முதல் அம்ருத் உத்யான் எனப்படுகிறது. பூக்களின் நிறைவும் வானத்தின் வஞ்சனையும் ஒரே வாரத்தில் நேர்வது இப்பருவத்தின் இயல்பு. மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் இமயமலையில் பனியையும் சமவெளியில் மழையையும் பொழிகின்றன. மென்மையாகப் பெய்தால் அது கோதுமைக்கு அமுதம். ஆலங்கட்டியாக விழுந்தால் அழிவு. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று தில்லியை அடுத்த நொய்டாவில் விழுந்த ஆலங்கட்டியால் தெருக்கள் மலைநாட்டுத் தெருக்களைப் போல் வெண்மையாயின. அன்று தக்காளிச் செடிகள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு நேரெதிரான வஞ்சனையும் உண்டு. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 1901 முதல் பதிவான மார்ச்சு மாதங்களிலெல்லாம் மிகுதியான பகல் வெப்பம் நாடு முழுவதற்குமான சராசரியில் காணப்பட்டது. பால் பிடிக்கும் நேரத்தில் கோதுமை மணிகள் சுருங்கின. வீட்டுத் தோட்டத்தில் கொத்தமல்லியும் பட்டாணியும் முடிய வேண்டிய நாளுக்கு முன்னரே முடிந்து போகும் ஆண்டுகள் இத்தகையவை.

ஏப்ரல் முதல் ‘லூ’ என்னும் அனல்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. 2024-ஆம் ஆண்டு மே 29 அன்று சப்தர்ஜங்கில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. இலை இழக்கும் ஈரத்துக்கு ஈடுகொடுத்து வேர் உறிஞ்ச இயலாமல், நண்பகலில் செடி துவண்டு நிற்கும். உடனே குடம் குடமாக நீர் ஊற்றுவது தேவையற்றது. மாலையில் தானே நிமிர்ந்தால் வேரில் ஈரம் உண்டு என்று பொருள். மறுநாள் விடியலிலும் துவண்டிருந்தால்தான் தாகம். காய்ந்த இலைகளை வேரடியில் பரப்புவதும், பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி வைப்பதும் நல்ல முறைகள். பானையின் சுவர் வழியே கசியும் நீர், வேர் கேட்கும் அளவுக்கே செல்லும். மாலை வேளைகளில் திடீரென எழும் ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயலுக்கு, பந்தற்கால்களை முன்னரே உறுதியாக நட்டிருத்தல் வேண்டும்.

மழை என்னும் விருந்தாளி

மழைக்கு ஏங்கி நிற்கும் தில்லிக்கு அது அளவோடு வருவது அரிது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லி மீட்டர் மழை பெய்தது. ஜூன் மாதம் முழுவதற்கும் உரிய சராசரி மழையைப் போல் இது மும்மடங்கு. மண்ணில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி இறக்கிறது. செடி வாடுவதைக் கண்டு தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோரும் உண்டு. மழைக்காலப் பயிருக்குப் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, பக்கத்தில் வடிகால் வெட்டுவதே தக்க வழி. தொட்டிகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்தால் அடித்துளை அடைபடாது.

மழையின் பின்னே வரும் சிறு பகைவன் கொசு. டெங்குவைப் பரப்பும் கொசு, தொட்டிக்கடியில் வைத்த தட்டிலும், மூலையில் கிடக்கும் உடைந்த சட்டியிலும் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். வாரம் ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துத் துடைப்பவர், தம் வீட்டுடன் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் காக்கிறார். செடி போனால் இன்னொன்று வைக்கலாம். ஆகையால் தோட்டக்காரர் கடமைகளில் இதற்கே முதலிடம் தரவேண்டும்.

மழையைப் பற்றிப் பேசும்பொழுது யமுனைக் கரையையும் நினைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று ஆற்றின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டரையும் விஞ்சியது. தமிழர் பலர் வாழும் மயூர் விகார் அருகே ஆற்றுப்படுகையில் காய்கறி பயிரிட்டு வந்த குடும்பங்கள் பயிரையும் குடிசையையும் விட்டுச் சாலையோரத்தில் தங்கின. நம் பாத்தி மூழ்கினால் போவது ஒரு வேளைக் கூட்டுக்கான காய். அவர்களுக்குப் போனது அவ்வாண்டின் பிழைப்பு. கடையில் காயின் விலையைப் பேரம் பேசும் நா, தானே ஒரு பருவம் பயிரிட்டுத் தோற்றபின் சற்று அடங்குகிறது. வீட்டுத் தோட்டம் தரும் படிப்பினைகளுள் இதுவும் ஒன்று.

ஊரிலிருந்து வந்த செடிகள்

தமிழ்க் குடும்பத்துத் தோட்டத்தில் முதலிடம் கறிவேப்பிலைக்கே. டிசம்பர் ஜனவரியில் அது மஞ்சளித்து இலை உதிர்க்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடுகிறவர்கள் பலர். அது பெரும்பாலும் உறக்கமே; சாவன்று. அக்காலத்தில் நீரைக் குறைத்து, எரு இடாமல், பனிபடாத மூலையில் விட்டுவைத்தால் மார்ச்சில் துளிர்க்கும். முருங்கை இங்கும் வளர்கிறது. வடநாட்டார் அதைச் ‘சஹ்ஜன்’ என்பர். நம்மூரைப்போல் ஆண்டில் இருமுறை எதிர்பார்க்கலாகாது. குளிர் விலகியதும் பூத்து, வெயில் தொடக்கத்தில் காய்க்கும். தென்னையின் ஆசையை மட்டும் விட்டுவிடுதல் நல்லது. தில்லியின் குளிர் அதற்கு ஒவ்வாது.

பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வேண்டுவோர் மே ஜூனில் கிழங்கை ஊன்ற வேண்டும். டிசம்பரில் இலை பழுக்கத் தொடங்குமாதலால் தொட்டியில் வைத்து, சுவரோரம் ஒதுக்கிக் காத்தால் தைமுதல் நாளில் பானைக்குக் கட்டப் பசுமை மிஞ்சும். அவரைக்கு இவ்வளவு உபசாரம் வேண்டாம். ஜூலையில் விதைத்த கொடி குளிர்காலத்தில் காய்த்துக் குலுங்கும். பொங்கல் நாளின் குழம்புக்குக் காய் வெளியே வாங்க வேண்டாத வீடுகள் தில்லியில் உண்டு.

சொல்லாமலே வரும் விருந்தும் ஒன்று உண்டு. குளிர்காலப் பாத்திகளில் களையாக முளைக்கும் ‘பத்துவா’வைப் பலர் பிடுங்கி எறிகிறார்கள். வடநாட்டார் அதைத் தயிரில் கலந்து உண்கிறார்கள். சப்பாத்தி மாவில் பிசைகிறார்கள். நாம் சக்கரவர்த்திக்கீரை என்று வழங்குவது இதையே. பருப்புடன் கடைந்தால் அது வேற்றூர்க் கீரையாக நாவுக்குத் தோன்றுவதில்லை.

புல்தரையில் ஒரு கோதுமை வயல்

தில்லியில் வீட்டு மண்ணுக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களில் தமிழர் ஒருவரும் உண்டு. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. உணவுக்கு அயல்நாட்டுக் கப்பல்களை எதிர்நோக்கும் நிலை வந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, கிடைத்த இடத்திலெல்லாம் பயிரிடுமாறு மக்களை வேண்டினார். அப்பொழுது உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமை இந்த மண்ணில் விளையுமா என்று பலரும் ஐயுற்றபொழுது, அவர் தில்லியில் தம் இல்லத்துப் புல்தரையை உழுவித்து அக்கோதுமையை விதைத்தார். பூசா நிலையத்தில் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய துணைவர்களும் அதே கோதுமையை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். 1966-இல் 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று. அதன் பின்வந்த விளைச்சலை நாடு அறியும்.

அமைச்சரின் புல்தரையில் விளைந்த கோதுமையால் ஊர்ப் பசி தீர்ந்திராது. ஆயினும் வானம் கைவிட்ட ஆண்டில், தம் வாயிலிலேயே விதைத்துப் பார்க்கத் துணிந்தமை பலருடைய ஐயத்தைத் தளர்த்தியது.

தொட்டியும் குறிப்பேடும்

லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அரசு ஊழியர் குடியிருப்புகளில் பின்முற்றம் என்று ஒன்று இருந்த காலம் உண்டு. 2016-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி, சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் பணி தொடங்கிற்று. பழைய தாழ்ந்த வீடுகள் உயர்ந்த கட்டடங்களுக்கு இடம் கொடுத்தன. மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 2018-இல் மக்கள் திரண்டதையும், உயர்நீதிமன்றம் தடை விதித்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர்க்குத் தோட்டம் என்பது பால்கனியில் பத்துத் தொட்டி. தொட்டி மண் விரைவில் கொதிக்கும், விரைவில் குளிரும். ஆனால் அதைத் தூக்கிச் சுவரோரம் வைக்கலாம், நிழலுக்கு நகர்த்தலாம். நிலத்துக்கு இல்லாத இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வானிலைத் துறையின் அறிவிப்பை நாள்தோறும் கேட்பது நல்ல பழக்கம். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு, சிவப்பு என்றால் உடனே செயற்படு என்று பொருள். வானொலியைக் கேட்டுப் பயிரிடுவது தமிழருக்குப் புதிதன்று. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல், பண்ணை நிகழ்ச்சிகளின் வாயிலாகத் தஞ்சை வயல்களில் பரவி ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது.

அறிவிப்பு நகரம் முழுவதற்கும் உரியது. உங்கள் முற்றத்துக்கே உரிய பஞ்சாங்கத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு குறிப்பேடு போதும். எந்த நாளில் எதை விதைத்தீர்கள், என்று முளைத்தது, எந்த இரவில் இலை கருகியது, கறிவேப்பிலை என்று துளிர்த்தது என்பவற்றைத் தேதியுடன் குறித்து வாருங்கள். மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தபின், பக்கத்து வீட்டார் பட்டாணி எப்பொழுது விதைப்பது என்று உங்களை வந்து கேட்பார்கள். அவர்கள் ஊர்க்காரர்கள், நீங்கள் வந்தவர்கள். ஆயினும் நாளைச் சொல்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

அக்டோபர் முதல் வாரம் கொத்தமல்லிக்கு உரியது. விதையை இரண்டாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து விதையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் முளை தெரியும்.